ஆறு சிலிண்டரும் நாலு சிலிண்டரும்

என் இடது காது கேட்பதில்லை. வலது காது பாதி கேட்கும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வேலைக்காலம் முழுக்க ஓடுகிற இஞ்சின்களின் பக்கத்திலேயே நின்றதன் பலன் அது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. காதை மூடிக்கொண்டு இஞ்சினைச் சோதிக்க முடியாது.

சில மாதங்களுக்கு முன் நிவேதா தொலைபேசியில் கூப்பிட்டாள். கடலூரில் மீன்துறை அலுவலகத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். படகு இஞ்சின்களைச் சோதித்து, விதியில் சொன்ன குதிரைத்திறனுக்குள் இருக்கிறதா என்று சான்று தரும் வேலை.

"சார், புதுசா சேந்தவங்களுக்கு நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசணும். இஞ்சின் சைசுக்கும் பவருக்கும் என்ன சம்பந்தம்னு. எல்லாரும் பெரிய இஞ்சினப் பாத்தாலே லிமிட்ட தாண்டிடுச்சுன்னு எழுதிட்டு வந்துடறாங்க."

"நீயே சொல்லலாமேம்மா. உனக்குத் தெரியாததா?"

"நான் ஃபார்முலா சொல்லுவேன் சார். நீங்க நடந்தத சொல்லுங்க."

சிதம்பரத்திலிருந்து பேருந்து பிடித்துப் போனேன். போய் நானும் ஃபார்முலாவைத்தான் சொன்னேன். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. களைப்பாக இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்த விஷயம் முதலில் உறைத்தது புவனகிரிப் பக்கம் எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகையில். அங்கே ஒரு டீசல் இஞ்சின் இருந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். நாலு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். அதன் தகட்டில் ஐந்து குதிரைத்திறன் என்று போட்டிருந்தது. பக்கத்தில் என் அண்ணன் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் இஞ்சினை ஒரு ஆள் மடியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஏழு குதிரைத்திறனுக்கு மேல் என்று கூடவே கொடுத்திருந்த கையேட்டில் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப வண்டிய கொண்டாந்து கெணத்துல மாட்டு. தண்ணி எறைக்குதா பாக்கலாம்" என்றார். இறைக்கும்தான். ஆனால் நாள் முழுக்க இறைத்தால் ஒரே வாரத்தில் கருகிப்போகும். அந்தக் கன்றுக்குட்டி இஞ்சின் எங்களுக்கு இரண்டு தலைமுறைக்கு இறைத்தது.

சிதம்பரத்தில் பாலிடெக்னிக்கில் படித்தபோது இதற்குக் காரணம் கிடைத்தது. இஞ்சினின் அளவு என்பது சிலிண்டர்கள் ஒரு மூச்சில் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பது. சக்தி என்பது ஒரு நிமிடத்தில் எவ்வளவு எரிபொருளை ஒழுங்காக எரித்து முடிக்கிறது என்பது. பெரிய இஞ்சின் மெதுவாக மூச்சு விட்டால் சக்தி குறைவு. சின்ன இஞ்சின் வேகமாக மூச்சு விட்டால் சக்தி கூடுதல். அதற்கு மேல் டர்போ என்று ஒன்றைப் பொருத்தி, காற்றை அழுத்தி உள்ளே ஊதினால், அளவு அதேதான், எரிவது மட்டும் பல மடங்கு. அடுப்பு எவ்வளவு பெரியது என்று பார்க்காதே, எவ்வளவு விறகு எரிகிறது என்று பார். அவ்வளவுதான் பாடம். இதை ஒரு மணி நேரத்துக்கு இழுத்துச் சொல்லிவிட்டு அன்றைக்கு வந்தேன்.

படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, சில ஊர்களில் மாற்றலாகி அலைந்தேன், கல்யாணம் ஆனது. எழுத ஒன்றுமில்லை. கடலூருக்கு வந்தபோது எனக்கு மேலதிகாரி காதர் சார். பரங்கிப்பேட்டைக்காரர். ஒல்லியான உடம்பு. துறைமுகத்துக்கு வரும்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான். மாலையில் அதில் கிரீஸ் இல்லாமல் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை.

அவருக்குச் சில வழக்கங்கள் உண்டு. படகுக்காரர் "வாங்க சார்" என்று சொல்லும்வரை படகில் கால் வைக்க மாட்டார். சோதனை நாளில் துறைமுகத்தில் யார் கொடுக்கும் டீயும் குடிக்க மாட்டார். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவார். கருவி காட்டும் எண்ணை அவர் படிக்க மாட்டார், என்னையும் படிக்க விட மாட்டார். படகுக்காரரைக் கூப்பிடுவார். "நீங்களே பாருங்க. நீங்களே சத்தமா சொல்லுங்க. இவரு எழுதிக்குவாரு" என்று என்னைக் காட்டுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஓடும் இஞ்சினுக்குப் பக்கத்திலும் அதே குரல்தான். அதனால் அவர் பேசும்போது எல்லோரும் கிட்டே வந்தாக வேண்டும்.

ஒரு மார்கழியில் அந்தச் சம்பவம் நடந்தது.

கடலில் நல்ல பனி. ராஜாராமன் என்பவர் தன் ஃபைபர் படகில் வலை விட்டிருந்தார். கூட அவருடைய தம்பி அன்பு. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். பனிக்குள்ளிருந்து ஒரு விசைப்படகு பாய்ந்து வந்து வலையின் மேலேயே ஏறிப் போயிருக்கிறது. வலை அதன் அடியில் சிக்கி இழுபட்டது. படகில் சுருட்டிக் கிடந்த கயிற்று வளையத்துக்குள் அன்பின் வலது கால் இருந்தது. ராஜாராமன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. விசைப்படகு நிற்கவில்லை. பக்கத்தில் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்த இன்னொரு ஃபைபர் படகு அதைத் துரத்தியது. பிடிக்க முடியவில்லை. பனியில் பெயர் தெரியவில்லை. அந்தத் துறைமுகத்தில் எல்லாப் படகுக்கும் ஒரே நிறம்.

ஊர் கூடியது. யாருடைய படகு அவ்வளவு வேகம் போகும்? எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான் வந்தது. கலியமூர்த்தி.

கலியமூர்த்தி விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி இஞ்சின் ஒன்றை வாங்கிவந்து, தானே மாதக்கணக்கில் வேலை செய்து தன் படகில் பொருத்தியவர். ஆறு சிலிண்டர். துறைமுகத்திலேயே அதுதான் பெரியது. கிளப்பினால் மீன் ஏலம் விடுகிறவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவு சத்தம். அவருக்குப் பட்டப்பெயரே 'ஆறு சிலிண்டர்'. ஊர்ப் பஞ்சாயத்து அவர் படகைக் கடலுக்குப் போகக்கூடாது என்று கட்டிவைத்துவிட்டது. அவர் வீட்டுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் எங்களுக்கு மனு வந்தது. கலியமூர்த்தியின் இஞ்சின் விதியை மீறியது, சோதித்துச் சொல்லவும் என்று.

காலையில் கருவிப் பெட்டியோடு ஜீப்பில் ஏறினேன். காதர் சார் ஓட்டுநரிடம், "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

"சார், துறைமுகத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

"இருக்கட்டும். எதுக்காக அளக்கப் போறோம்னு பாத்துட்டுப் போவோம் கோவிந்தராஜ்" என்றார் என்னிடம்.

அன்பு கண்ணை மூடிக் கிடந்தான். காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. கட்டில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பெயர் செல்வம். ராஜாராமன் மனைவி கஸ்தூரியின் தம்பி. அவரும் விசைப்படகு வைத்திருப்பவர்தான். ராத்திரி பகல் அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். காதர் சார் அன்பின் தலையில் கை வைத்துச் சற்று நேரம் நின்றார். வெளியே வந்தோம்.

துறைமுகத்தில் கூட்டம். ராஜாராமன் முன்னால் நின்றார். சவரம் செய்யாத முகம். கலியமூர்த்தி கொஞ்சம் தள்ளித் தன் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அவர் மனைவி தனலட்சுமி மட்டும் கூட இருந்தார்.

காதர் சார் ஊர்த் தலைவரிடம் சொன்னார். "இவரு படக மட்டும் அளக்க மாட்டேன். ஒண்ண மட்டும் அளந்தா அதுக்குப் பேரு சோதனை இல்ல. இதே நீளத்துல இருக்கற படகு இன்னும் ரெண்டு குடுங்க. எது வேணா குடுங்க."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒருவரின் படகு ஒன்று. அடுத்ததை ராஜாராமனே சொன்னார். "என் மச்சான் படகு இருக்கு சார். செல்வம் படகு. அதையும் அளந்துக்குங்க. எங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் கெடையாது." ஆள் அனுப்பி ஆஸ்பத்திரியிலிருந்து செல்வத்தை வரவழைத்தார்கள்.

எப்படி அளந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயைக் கழற்றி, நடுவில் ஒரு வால்வு வைத்து, அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து இஞ்சின் டீசல் இழுக்கும்படி மாட்டுவோம். இஞ்சின் எரிக்காமல் திருப்பி அனுப்பும் டீசலும் அதே ஜாடியில் விழ வேண்டும். இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். முகத்துவாரத்துக்கு வெளியே இரண்டு கம்பங்களுக்கு நடுவே முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதற்கு ஒரு கருவி. நிமிடத்துக்கு எவ்வளவு டீசல் எரிந்தது என்று தெரிந்தால் சக்தி ஏறக்குறையத் தெரிந்துவிடும். தகட்டை மாற்றலாம், வெளியே பெயின்ட் அடிக்கலாம். எரிக்காமல் சக்தி எடுக்க யாராலும் முடியாது.

இதற்கு மேல் காதர் சார் ஒன்று செய்தார். அன்றைக்குத் துரத்திய ஃபைபர் படகைக் கேட்டார். அன்று இருந்த அதே வலையை ஏற்றச் சொன்னார், அதே ஆட்களை ஏறச் சொன்னார். "அளக்கறது எங்களுக்கு. இது உங்களுக்கு. பக்கத்துலயே ஓட்டிட்டு வாங்க" என்றார். ராஜாராமனும் அதில் ஏறிக்கொண்டார்.

முதலில் கலியமூர்த்தி. "வாங்க சார்" என்று அவர் சொன்ன பிறகு படகில் ஏறினோம். இஞ்சினைக் கிளப்பினார். என் காதின் ஒரு பகுதி அன்றைக்குத்தான் போயிருக்க வேண்டும். கம்பத்தைத் தாண்டியதும் முழு வேகம் கொடுத்தார். கரும்புகை எழுந்தது, படகு அதிர்ந்தது. சுற்று ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை. பழைய இஞ்சின், டர்போ கிடையாது, அதனுடைய மூச்சு அவ்வளவுதான். ஜாடியில் டீசல் சாவதானமாக இறங்கியது. இடது பக்கம் ஃபைபர் படகு எங்களை எட்டிப் பிடித்தது. பிறகு தாண்டியது. தாண்டும்போது ராஜாராமன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

எண்களைக் கலியமூர்த்தியே படித்தார். விதி சொன்ன வரம்புக்கு நன்றாக உள்ளே. இரண்டாவது படகும் அப்படித்தான். அதையும் ஃபைபர் படகு தாண்டிவிட்டது.

மூன்றாவது செல்வத்தின் படகு. இஞ்சின் அறையில் இறங்கிப் பார்த்தேன். நாலு சிலிண்டர். கலியமூர்த்தியுடையதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான உருவம், சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். தகட்டில் விதிக்குட்பட்ட எண்தான். ஆனால் டர்போ இருந்தது. உள்ளே போகும் காற்றைக் கடல்நீரால் குளிர்விக்கும் பெட்டியும் இருந்தது. எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் திருகுக்குக் கம்பெனியில் ஈய முத்திரை வைத்து அனுப்புவார்கள். அது இல்லை. திருகின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் பளபளத்தது. நிமிர்ந்தேன். செல்வம் மேலே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பத்தைத் தாண்டினோம். "முழுசா குடுங்க" என்றார் காதர் சார். செல்வம் கொஞ்சம்தான் கொடுத்தார். "முழுசா" என்றார் சார், அதே குரலில். செல்வம் கொடுத்தார். படகின் மூக்கு எழுந்தது. ஃபைபர் படகு முதலில் பக்கத்தில் இருந்தது, பிறகு பின்னால், பிறகு வெகு பின்னால். ஜாடி கண் முன்னால் வற்றியது. கம்பம் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே ஜாடியின் அடி தெரிந்தது. இஞ்சின் நின்றுவிடாமல் இருக்க வால்வைத் திருப்பி டேங்குக்கு மாற்றினேன்.

"நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார் காதர் சார்.

செல்வம் காலி ஜாடியைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

கரைக்கு வந்தோம். பின்னாலேயே ஃபைபர் படகும் வந்தது. ராஜாராமன் இறங்கி நேரே காதர் சாரிடம் வந்தார்.

"சார். இவன்தானா?"

"அந்த வேகத்துல இந்தப் படகு போவும். அது எங்களுக்குத் தெரியும். அன்னிக்குப் போனது இதான்னு எங்க கருவி சொல்லாது."

ராஜாராமன் மச்சான் பக்கம் திரும்பினார். செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாது மாமா. வலைதான்னு நெனச்சேன். ஊருக்குள்ள வந்த பொறவுதான் நம்ம அன்புன்னு தெரிஞ்சுது."

"நாங்க கத்தனது கேக்கலியா?"

"கேக்கல மாமா. சத்தியமா கேக்கல."

"வலைன்னு தெரிஞ்சும் நிக்கலியே."

ராஜாராமன் அடிப்பார் என்று நினைத்துச் சிலர் நெருங்கினார்கள். அவர் அடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துபோனார். கூட்டம் கலைந்தது. சோதனை முடிந்ததும் மறுபடி கட்டிவைத்திருந்த கலியமூர்த்தியின் படகுக் கயிற்றை அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. தனலட்சுமிதான் போய் அவிழ்த்தார்.

மறுநாள் கஸ்தூரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். செல்வத்தின் அக்கா, அன்பின் அண்ணி. இரண்டு பக்கமும் அவருக்கு வீடு. மேசை முன்னால் நின்றபடியே பேசினார்.

"போன காலு வரப்போறதில்ல சார். தம்பியும் ஜெயிலுக்குப் போயிட்டான்னா நான் எந்த வாசல்ல போயி நிக்கறது? நீங்க எழுதாம இருந்தா ஊரு தானா அடங்கிடும்."

காதர் சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சாரும் உட்காரவில்லை. இருவரும் நின்றபடியே இருந்தார்கள்.

"நான் எழுதலன்னா கலியமூர்த்தி பேருலயே நின்னுடும்மா" என்றார் சார். "அவருக்கும் ஒரு வாசல் இருக்கு."

கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். சார் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அறிக்கையை அவரே எழுதினார். அளந்ததை அளந்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் தனித்தனியே எழுதினார். கையெழுத்துப் போடும் முன் என்னிடம் நீட்டி, "நாம பாக்காதது எதனா இதுல இருக்கா பாருங்க" என்றார். இல்லை.

நல்லபடி முடிந்தது என்று சொல்ல ஆசைதான். செல்வத்தின் மேல் வழக்கு நடந்தது, இழுத்தது. படகும் இஞ்சினும் கைவிட்டுப் போயின. ராஜாராமன் அவரோடு பேச்சை நிறுத்தினார். கஸ்தூரிக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது. அன்புக்கு நிச்சயித்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். கலியமூர்த்தி மேல் தப்பில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது, ஆனால் ஒருவரும் அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவில்லை. ராஜாராமன் மட்டும் போனார். "வந்தியே, போதும்" என்றாராம் கலியமூர்த்தி. அடுத்த பருவத்துக்குள் படகை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கேரளாவுக்குக் கூலிக்கு மீன்பிடிக்கப் போய்விட்டார். சரியாக அளந்தோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த அளவினால் எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. காதர் சாரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "நமக்கு அளக்கற வேல" என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் போனார். அங்கேயே காலமானார்.

நிவேதாவின் வகுப்பில் பேசிவிட்டு, கடலூர் முதுநகரில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். மூன்று சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று என் முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்கு முடி நரைத்திருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"இஞ்சின் சார்தானே? நான் அன்பு."

அவன் பேசுவது கேட்க, வலது காதைத் திருப்பிக் கிட்டே குனிந்தேன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறானாம். தாமதமாகக் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. அண்ணன் நன்றாக இருக்கிறார். செல்வம் இறந்து கொஞ்ச நாள் ஆகிறது.

"சாவுக்கு அண்ணன் போனாரா?" என்று கேட்டேன்.

"போவல சார். அண்ணிய மட்டும் அனுப்பிச்சாரு. நான் போனேன். கடைசி வரைக்கும் கூட இருந்துட்டுதான் வந்தேன்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கேட்க நினைத்ததை அவனே புரிந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரியில எனக்குப் பீ மூத்திரம் அள்ளனது செல்வம் மச்சான்தான் சார். யாரு பண்ணதுன்னு தெரியறதுக்கு முன்னாடியும் அள்ளனாரு."

"தெரிஞ்ச பிறகு?"

"பொறவும்தான். அண்ணன் இல்லாத நேரமா பாத்து வருவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. நானும் பேச மாட்டேன். வேலய முடிச்சுட்டு, கை கழுவிட்டுப் போயிடுவாரு. நான் வூட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு நாளு தவறல."

அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "வரேன் சார், ஒடம்ப பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். சிதம்பரம் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் ஏறவில்லை. அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று அங்கேயே நின்றேன்.